சவுத் பிரிட்ஜ் சாலையில் ஒரு தமிழ் ஆவணம்: ஜாமிஆ சூலியா பள்ளிவாசலின் வரலாறும் கட்டடக்கலையும்

முன்னுரை

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அச்சு ஆவணங்களிலிருந்தே தொடங்குவர். நாகூர் முகம்மது அப்துல்காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அச்சேறியது. ‘சிங்கை நேசன்’ இதழும் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’யும் 1887ஆம் ஆண்டில் வெளிவந்தன. இவற்றைக் கொண்டே இந்நகரில் தமிழர்தம் பண்பாட்டு வாழ்வின் தோற்றத்தை நாம் கணித்து வந்துள்ளோம். ஆயின், முதல் நூல் அச்சேறுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் வணிகச் சமூகம் ஒன்று இந்நகரில் தன் இருப்பைச் செங்கல்லிலும் சுண்ணத்திலும் பதிவு செய்துவிட்டது. அப்பதிவு இன்றளவும் நின்று நிலவுகிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் அமைந்துள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலே அது.

1974ஆம் ஆண்டில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்ற இக்கட்டடம் சுற்றுலாக் கையேடுகளில் சைனாடவுன் பகுதியின் காட்சிகளுள் ஒன்றாகவும் சமய நூல்களில் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்றாகவும் குறிக்கப்படுகிறது. தமிழர் வரலாற்றின் ஆவணமாக இதனைப் படிக்கும் முயற்சி போதிய அளவு நிகழவில்லை என்பதே நம் கருத்து. இக்கட்டடத்தின் வரலாற்றையும் அமைப்பையும் ஆராய்ந்து, அவை சிங்கப்பூரின் முதல் தலைமுறைத் தமிழர் பற்றி உணர்த்தும் செய்திகளைத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூலியர் எனும் பெயர்

சோழமண்டலக் கரையினின்றும் வந்த தமிழ் முஸ்லிம் வணிகரையும் தொழிலாளரையும் மலாய்த் தீபகற்பத்தில் ‘சூலியர்’ என வழங்கினர். இச்சொல்லைச் ‘சோழ’ என்பதனோடு தொடர்புபடுத்துவோர் பலர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை முதலிய துறைமுகங்களிலிருந்து துணிவகைகளை ஏற்றிக்கொண்டு கடாரத்திற்கும் அச்சேவுக்கும் மலாக்காவுக்கும் இவர்கள் சென்றுவந்தமை ஐரோப்பியர் வருகைக்கும் முற்பட்ட வழக்கமாகும். 1786ஆம் ஆண்டில் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அங்குப் பெருந்தொகையினர் குடியேறினர். அங்குள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் அக்குடியேற்றத்தின் சான்றுகளாம். 1819ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வணிகத்தலமாக நிறுவப்பட்டதும் சூலியர் இங்கும் வந்தனர். துணி வணிகம், நாணய மாற்று, ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுதல் ஆகியன அவர்தம் தொழில்களுள் முதன்மையானவை.

1822ஆம் ஆண்டில் ராபிள்ஸ் வகுத்த நகரமைப்புத் திட்டம் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்தது. ஆற்றின் தென்கரைப் பகுதி சீனருக்கு ஒதுக்கப்பட்டது. சூலியருக்கெனக் குறிக்கப்பட்ட இடம் ஆற்றின் மேற்பகுதியில் இருந்தது. ஆயினும் வணிகர் வணிகம் நடக்கும் இடத்தருகே வாழ்வதையே விரும்புவர். சூலியர் படகுத்துறைக்கும் கடற்கரைக்கும் அண்மையிலேயே தங்கினர். ஆகவே, வரைபடத்தில் சீனர் பகுதி எனக் குறிக்கப்பெற்ற நிலப்பரப்பின் நடுவே தமிழர் வழிபாட்டிடங்கள் எழுந்தன. பின்னாளில் அப்பகுதி முழுவதற்கும் ‘சைனாடவுன்’ என்ற பெயர் நிலைத்தமையால், அங்கிருந்த தமிழர் குடியிருப்பின் நினைவு மங்கிற்று. கட்டடங்கள் மட்டும் எஞ்சின.

பெயர் வழக்கிலும் அச்சமூகத்தின் தன்மதிப்பைக் காணலாம். ஆற்றங்கரையை அடுத்த வணிகத் தெரு ஒன்று ‘கிளிங் தெரு’ என வழங்கியது. அச்சொல் இழிவுப்பொருள் தருவதாகத் தமிழர் எதிர்ப்புத் தெரிவித்ததன் விளைவாக, 1920களின் தொடக்கத்தில் அத்தெரு ‘சூலியா தெரு’ எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அத்தாப்பிலிருந்து செங்கல்லுக்கு

சூலியர் சிங்கப்பூரில் குறுகிய காலத்திற்குள் மூன்று தலங்களை எழுப்பினர். 1826ஆம் ஆண்டில் அன்சர் சாகிப் என்பாரின் தலைமையில் ஜாமிஆ பள்ளிவாசல் தோற்றம் பெற்றது. 1827ஆம் ஆண்டில் தெலுக் ஆயர் தெருவில் கூரை வேய்ந்த சிறு குடிலாக மற்றொரு பள்ளி அமைந்தது. அதே தெருவில் 1828 முதல் 1830 வரையிலான காலத்தில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகத் தர்கா ஒன்று கட்டப்பட்டது.

தமிழ் மக்கள் இவற்றுக்கு இட்ட பெயர்கள் நம் கவனத்துக்குரியன. ஜாமிஆ பள்ளிவாசல் ‘பெரிய பள்ளி’ எனப்பட்டது. தெலுக் ஆயரில் குடிலாகத் தொடங்கிய பள்ளி, ‘குச்சு’ என்பது குடிலைக் குறித்தலால், ‘குச்சுப் பள்ளி’ எனப்பட்டது. இன்று அல் அப்ரார் பள்ளிவாசல் என்னும் பெயரால் அறியப்படும் அக்கட்டடம் 1850க்கும் 1855க்கும் இடையில் செங்கற்கட்டடமாக மாறிற்று. குடில் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பெயர் மறையவில்லை. எழுத்தில் பதியாத கட்டட வரலாற்றை ஒரு சொல் காத்து வந்துள்ளமைக்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

கட்டுமானப் பொருளைப் பற்றிய செய்தி ஒன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. தர்காவுக்குரிய நிலம் 1827ஆம் ஆண்டில் காதர் பிள்ளை என்பாருக்கு வழங்கப்பெற்றபோது, மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன கட்டடம் அதில் எழுப்பப்படலாகாது என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. நெருக்கமான நகரில் ஓலைக்கூரை தீப்பற்றும் அச்சத்துக்குரியது. எனவே செங்கற்கட்டடம் என்பது ஒருபுறம் அரசின் கட்டளை. மறுபுறம் அக்கட்டளையை நிறைவேற்றும் பொருள்வளமும் ஆள்வளமும் தம்மிடம் உண்டெனக் காட்டிய சமூகத்தின் தீர்மானமும் ஆகும்.

ஜாமிஆ பள்ளிவாசல் 1830ஆம் ஆண்டில் மீளக் கட்டத் தொடங்கப்பெற்று 1835ஆம் ஆண்டளவில் இன்றைய வடிவை எய்தியது. சவுத் பிரிட்ஜ் சாலை கைதிகளின் உழைப்பால் 1833ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டதாக அறிகிறோம். ஆகவே சாலையும் பள்ளிவாசலும் ஒரே காலத்தில் உருப்பெற்றவை எனலாம். இதன் தெற்கே, ஒரு தெரு இடைவெளியில், நாராயண பிள்ளை முயற்சியால் 1827ஆம் ஆண்டில் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1843ஆம் ஆண்டில் செங்கற்கட்டடமானது. இவ்விரு தலங்களை ஒட்டிய மூன்று குறுக்குத் தெருக்கள் முறையே பள்ளிவாசலின் பெயராலும் கோபுரத்தின் பெயராலும் கோயிலின் பெயராலும் இன்றும் வழங்குகின்றன. சைனாடவுனின் நடுப்பகுதியில் அடுத்தடுத்த மூன்று தெருக்கள் தமிழர் கட்டிய இரு தலங்களால் பெயர் பெற்றிருத்தல் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வாயிலின் அமைப்பு

இக்கட்டடத்தின் முகமாக விளங்குவது சாலையை நோக்கிய வாயில். வாயிலின் இருமருங்கும் எண்கோண வடிவில் இரு மனோராக்கள் உயர்கின்றன. ஒவ்வொன்றும் ஏழு நிலைகளை உடையது. ஒவ்வொரு நிலையிலும் ஆழ்ந்த குழிவுகளும் மிஹ்ராபை ஒத்த வளைவு மாடங்களும் அழகு செய்கின்றன. உச்சியில் வெங்காய வடிவக் குமிழ்மாடம் அமைந்துள்ளது. இரு மனோராக்களுக்கும் இடையே, வாயிலின் மேற்பகுதியில், நான்கு மாடிகள் கொண்ட அரண்மனை முகப்பு ஒன்று சிற்றுருவில் வடிக்கப்பட்டுள்ளது. அதில் நுண்ணிய கதவுகளும் சிலுவை வடிவப் பலகணிகளும் உள்ளன. அக்கதவுகள் வழியே எவரும் நுழைதல் இயலாது. அது முழுவதும் அணிக்காகவே அமைந்த கட்டடம்.

இத்தகைய சிற்றுரு அரண்மனை அமைப்பு தெலுக் ஆயர் நாகூர் தர்காவின் முகப்பிலும் காணப்படுகிறது. அங்கு மனோராக்கள் சதுர அடித்தளத்தின்மேல் பதினான்கு நிலைகளாகக் குறுகிச் செல்கின்றன. நாகூரில் உள்ள மூலத் தர்கா ஐந்து மனோராக்களுக்குப் பெயர்பெற்றது. அவற்றுள் மிக உயரமான 131 அடி மனோராவை 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பினார். தாயகத்தில் கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற அம்மனோராக்களின் நினைவைச் சிங்கப்பூர்ச் சூலியர் தம் ஆற்றலுக்கேற்ற அளவில் மீளப் படைத்தனர் என நாம் கொள்ளலாம்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சிறிய மாடங்களை நிலைநிலையாக அடுக்கி வாயிலை உயர்த்தும் முறை கோயிற் கோபுரத்துக்கு உரியதன்றோ? அண்மையிலுள்ள மாரியம்மன் கோயிற் கோபுரத்தைப் பார்த்துப் பள்ளிவாசலின் வாயில் அமைக்கப்பட்டதோ எனக் காண்போர் வினவுவர். கால ஆராய்ச்சி இவ்வையத்தைத் தெளிவிக்கிறது. கோயிலில் இன்று நாம் காணும் ஆறு நிலைக் கோபுரம் 1925ஆம் ஆண்டுக்குரியது. பள்ளிவாசலின் வாயிலோ அதனினும் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் மூத்தது. எனவே இன்றைய கோபுரத்தைப் பார்த்துப் பள்ளிவாசல் அமைந்தது என்பதற்கு இடமில்லை. நுழைவாயிலைக் கட்டடத்தின் பெருமைக்குரிய உறுப்பாக உயர்த்திக் காட்டுதலும், பெரிய கட்டடத்தின் சிற்றுருவையே அணியாகப் பயன்படுத்தலும் தமிழகக் கட்டடக் கலைஞர்க்குச் சமயம் கடந்த பொதுமரபாக இருந்தன. அம்மரபின் இரு கிளைகளே ஒரே சாலையில் அருகருகே நிற்கின்றன.

உள்ளமைப்பு

வாயிலைக் கடந்து உள்ளே செல்வோர் முற்றிலும் வேறான கட்டடக்கலையைக் காண்பர். திறந்த முன்றில், கூரையிட்ட முன்கூடம், துணைத் தொழுகைக் கூடம், முதன்மைத் தொழுகைக் கூடம் எனப் படிப்படியாக இடம் விரிகிறது. முதன்மைக் கூடத்தில் வரிசைக்கு ஐந்தாக இரு வரிசைத் தூண்கள் உள்ளன. அவை டஸ்கன் எனப்படும் ஐரோப்பியச் செவ்வியல் முறையில், அணிவேலைப்பாடு குறைந்து, உருண்டு திரண்டு அமைந்தவை. தூண்களுக்கு மேல் சுதையாலான வரிப்புடைப்புகள் ஓடுகின்றன. மேற்குச் சுவரில் மிஹ்ராப் உள்ளது. துணைக் கூடத்தின் புறங்கள் காற்றோட்டத்திற்கு ஏற்பத் திறந்துள்ளன. அங்குள்ள கைப்பிடிச் சுவர்களில் பச்சை மெருகேற்றிய சீனப் பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன.

இவ்வமைப்பில் இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, சூலியர் தம் தாயகத்துப் பள்ளிவாசல்களை அப்படியே இங்குப் பெயர்த்து நடவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களில் உள்ள பழம்பள்ளிகள் கருங்கல் தூண்களும் போதிகைகளும் தட்டைக் கூரையும் கொண்டு, கோயில் மண்டபத்தை ஒத்த தோற்றம் உடையவை. சிங்கப்பூரில் அவர்கள் தேர்ந்துகொண்டவை செங்கல்லும் சுண்ணமும் ஐரோப்பியத் தூணும் ஆகும். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் அந்நாளில் இந்நகருக்குத் தந்த முகமும் இதுவே. அவர் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் 1835ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அவ்வாண்டளவில் முடிவுற்ற பள்ளிவாசலின் தொழுகைக் கூடமும் அக்காலத்து நகரச் சுவையையே பின்பற்றியது.

இரண்டாவது, சீனப் பீங்கான் ஓடுகள். அண்டையில் வாழ்ந்த சீனரின் கட்டடங்களில் பயின்ற அதே பொருள் தொழுகைக் கூடத்திலும் இடம்பெற்றுள்ளது. வாயிலில் சோழமண்டலக் கரையும், தூணில் ஐரோப்பாவும், கைப்பிடிச் சுவரில் சீனமும் கூடியுள்ளன. இதனைக் கலப்பு என்று சொல்லி அமைதல் போதாது. எவ்வுறுப்பு எங்கு நிற்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஊரார் அனைவரும் காணும் சாலைப்புறத்தில் அச்சமூகம் நிறுத்தியது தன் தாயக அடையாளத்தை. அயல்மரபுகளுக்குக் கட்டடத்தின் உட்புறத்தில் இடமளித்தது. தம்மை யாரென்று ஊர் அறிய வேண்டும் என்ற எண்ணமே இவ்வைப்புமுறையில் வெளிப்படுவதாக நாம் கருதுகிறோம்.

இரு திசைகள்

இக்கட்டடத்தின் நிலவரைவை நோக்குவோர் வேறொரு சிறப்பையும் உணர்வர். வாயில் சவுத் பிரிட்ஜ் சாலையின் கோட்டுக்கு இணையாக நிற்கிறது. தொழுகைக் கூடங்களோ சாலைக் கோட்டைப் பொருட்படுத்தாது கிப்லாவாகிய மக்காவின் திசையை நோக்கித் திரும்பியுள்ளன. ஒன்று நகரமைப்பாளர் வரைந்த கோடு. மற்றது சமயம் வகுத்த கோடு. இரண்டையும் ஒரே மனைக்குள் பொருத்தியமையால், வாயிலுக்கும் கூடத்துக்கும் இடையில் ஒரு கோணம் தோன்றியுள்ளது. அரசின் ஒழுங்கிற்கு இணங்கி வாழ்ந்த வணிகச் சமூகம், தன் வழிபாட்டில் விட்டுக்கொடாத எல்லை எது என்பதை இக்கோணம் காட்டி நிற்கிறது.

பள்ளிவாசல் வளாகத்தினுள் முகம்மது சாலிஹ் எனும் இறைநேசரின் அடக்கத்தலம் உள்ளது. இன்றைய கட்டடத்தினும் அது பழைமை வாய்ந்தது. அக்காலத் தமிழ் வணிகர் பொருளீட்டித் தாயகம் திரும்பும் தற்காலிகக் குடிகளே என்னும் கருத்து வரலாற்று நூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. பலர் திரும்பினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், தம் பெரியாரை இம்மண்ணில் அடக்கம் செய்து, அவ்விடத்தைச் சூழச் செங்கற்கட்டடம் எழுப்பியவர்களைத் தங்கிச் செல்வோர் என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட இயலாது. ஒருவர் போயினும் மற்றொருவர் வருவர், சமூகம் இங்கே நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிடத்து இத்தகைய கட்டடம் எழுந்திராது.

பாதுகாப்பும் பயன்பாடும்

சிங்கப்பூரில் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1970ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டில் முதன்முறையாக அறிவிக்கப்பெற்ற எட்டுச் சின்னங்களுள் ஸ்ரீ மாரியம்மன் கோயில் ஒன்றாகும். மறு ஆண்டே ஜாமிஆ பள்ளிவாசலும் அல் அப்ரார் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் அப்பட்டியலில் சேர்ந்தன. 1989ஆம் ஆண்டில் சைனாடவுன் பகுதியே பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது.

எனினும் சட்டம் சுவரைக் காக்குமேயன்றிப் பொருளைக் காத்தல் அரிது. தெலுக் ஆயர் நாகூர் தர்கா பழுதுற்றுப் பல்லாண்டு மூடிக்கிடந்து, புதுப்பிக்கப்பெற்று, 2011ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. ஜாமிஆ பள்ளிவாசலின் நிலை வேறு. இரு நூற்றாண்டுகளை நெருங்கும் நிலையிலும் அங்குத் தொழுகை இடையறாது நிகழ்கிறது. 1968ஆம் ஆண்டில் அமைந்த சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் கீழ் இயங்கும் அப்பள்ளியில் வெள்ளிக்கிழமைப் பேருரை தமிழில் நிகழ்த்தப்பெறுகிறது. சமய வகுப்புகளும் தமிழில் நடைபெறுகின்றன. அவ்வட்டாரத்தில் தமிழர் குடியிருப்பு அருகிய பின்னரும் தமிழ் ஒலிக்கும் பொதுவிடமாக அது நீடிக்கிறது. இம்மொழித் தொடர்ச்சி எந்த அரசிதழிலும் பாதுகாக்கப்பட்ட உறுப்பாக அறிவிக்கப்படுவதில்லை. அதனைக் காக்கும் பொறுப்பு மொழியைப் பேசுவோரையே சார்ந்தது.

முடிவுரை

இக்கட்டடம் இரு வகையான பாகுபாடுகளுக்கு இடையில் நழுவி நிற்கிறது. தமிழர் வரலாற்றை எழுதுவோர் இதனை இஸ்லாமியர் வரலாற்றுக்கு உரியதென விடுகின்றனர். இஸ்லாமியர் வரலாற்றை எழுதுவோர் மலாய், அரபுச் சமூகங்களுக்குத் தரும் அளவு இடத்தை இதற்குத் தருவதில்லை. வட்டார வரலாறோ சைனாடவுன் என்னும் பெயரில் அடங்கிவிடுகிறது. இதனால் சிங்கப்பூரின் முதற் பதினைந்து ஆண்டுகளில் தமிழர் கொண்டிருந்த பொருள்வளமும் அமைப்பாற்றலும் அழகுணர்வும் நம் மாணவர்க்குத் தெரியாமற் போகின்றன. தோட்டத் தொழிலாளராகவும் கைதிகளாகவும் மட்டுமே முன்னோரை அறியும் மாணவன், கடல்கடந்து வணிகம் செய்து, தன் வாயிலைத் தானே வடிவமைத்து நிறுத்திய முன்னோரையும் அறிதல் வேண்டும்.

தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரை இவ்வாயிலின் முன் நிறுத்தி, பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி என்னும் பெயர்களின் காரணத்தை விளக்கி, ஏழு நிலைகளை எண்ணச் செய்து, பின்னர் ஒரு தெரு கடந்து கோயிற் கோபுரத்தின் ஆறு நிலைகளையும் எண்ணச் செய்வாராயின், ஒரு பாடநூல் முழுவதும் உணர்த்தும் செய்தியை அரை நாளில் உணர்த்திவிடலாம். அச்சு நூலுக்கு முற்பட்ட தமிழ் ஆவணம் இந்நகரில் இல்லை எனும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். அவ்வாவணம் இருக்கிறது, சாலையோரத்தில், அனைவரும் காணுமாறு நிற்கிறது. அதனைப் படித்தறியும் பயிற்சியை நம் மாணவர்க்கு அளித்தலே எஞ்சியுள்ள பணியாகும்.